பரிசோதனை அட்டையிலிருந்து தொடங்கும் பன்னாட்டு அரசியல்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். வெளியுறவு, இராணுவம், உலகச் சந்தை ஆகியவற்றைப் பற்றி, "போரில் பெண்கள்தான் அதிகம் துன்பப்படுகிறார்கள்" என்பதற்கு மேல் பெண்ணியம் புதிதாக என்ன சொல்கிறது? சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

முதல் கேள்விக்கு என் பதில் இது. இரண்டு அரசுகளுக்கு இடையிலான உறவு நாள்தோறும் நடக்க வேண்டுமென்றால், குறிப்பிட்ட சில பெண்கள் குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட வேலைகளைச் செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஏற்பாடு தானாக அமைவதில்லை. யாரோ கூட்டம் போட்டுப் பேசி, முடிவெடுத்து, பணம் ஒதுக்கிச் செய்கிறார்கள். அதற்குக் கோப்பு உண்டு, தேதி உண்டு, கையெழுத்தும் உண்டு. துன்பத்தைக் கணக்கெடுப்பது அடுத்த வேலை. முதலில் ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது: அந்தக் கோப்பைத் தேடுங்கள்.

பொதுவாகப் பேசினால் இது கையில் நிற்காது. ஆதாரம் நன்றாகக் கிடைத்திருக்கும் தென்கொரியாவை எடுத்துக்கொள்கிறேன். இராணுவக் கூட்டணி, சர்வாதிகாரம், ஏற்றுமதிப் பொருளாதாரம் மூன்றும் அங்கே ஒரே காலத்தில் ஒன்றாக ஓடின.

1953 அக்டோபரில் அமெரிக்காவும் தென்கொரியாவும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அமெரிக்கப் படை அங்கேயே தங்கியது. டோங்டுச்சோன், உயிஜோங்பு, பியோங்டேக் போன்ற இடங்களில் தளங்களைச் சுற்றி ஊர்கள் முளைத்தன. அவற்றுக்குக் கொரிய மொழியில் 'கிஜிச்சோன்' என்று பெயர். கிஜி என்றால் படைத்தளம், சோன் என்றால் ஊர். இனி இதைத் தளவட்டாரம் என்று எழுதுகிறேன். மதுக்கூடம், தையற்கடை, அடகுக்கடை, அறை வாடகை எல்லாமே சிப்பாயின் சம்பளத்தை நம்பி நடந்தன. கொரியப் போரில் குடும்பத்தை இழந்தவர்கள், வேலை தேடி நகரத்துக்கு வந்த கிராமத்துப் பெண்கள், தரகர்களால் ஏமாற்றப்பட்ட சிறுமிகள் என்று பலவகைப் பெண்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். வந்ததும் அறை, கட்டில், துணிமணி எல்லாவற்றுக்கும் கிளப் முதலாளி கடன் எழுதிவிடுவார். அதற்கு வட்டி ஏறும். வேறு கிளப்புக்குப் போனால் கடனும் கூடவே போகும். பெரும்பாலானோரைக் கட்டிப்போட்டது இந்தக் கடன்தான்.

சட்டம் இருந்ததா என்றால், இருந்தது. 1961 நவம்பரில் பார்க் சுங்-ஹீயின் இராணுவ ஆட்சி பாலியல் தொழிலைத் தடைசெய்து சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே 104 இடங்களை, அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காத சிறப்பு வட்டாரங்களாக அதே அரசு குறித்தது. அவற்றில் பல படைத்தளங்களை ஒட்டியவை. அங்கிருந்த கிளப்புகளுக்கு வரியில்லாத மது கிடைத்தது. தடையும் விலக்கும் ஓர் ஆண்டு இடைவெளியில் ஒரே அரசிடமிருந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட முரண் கண்ணில் பட்டால் அங்கே நின்று தோண்ட வேண்டும்.

திருப்பம் 1969ல் வந்தது. ஆசிய நட்பு நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே அதிகம் சுமக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் நிக்சன் அந்த ஆண்டு குவாம் தீவில் அறிவித்தார். கொரியாவில் 60,000க்கு மேல் இருந்த அமெரிக்கப் படையில் 20,000 பேரைத் திரும்ப அழைப்பது என்று முடிவாயிற்று. 1971ல் ஏழாம் காலாட்படைப் பிரிவு கிளம்பியது. வடகொரியா எல்லையில் நிற்கிறது, தன் படையிலோ சுமார் 50,000 பேர் அமெரிக்காவுக்காக வியட்நாமில் இருக்கிறார்கள். பார்க் ஆட்சி நடுங்கிப்போனது.

1971 ஜூலையில் இன்னொன்று நடந்தது. பியோங்டேக் பக்கம் கேம்ப் ஹம்ஃப்ரீஸ் தளத்தை ஒட்டிய ஆன்ஜோங்-ரி என்ற ஊரில், தங்களைப் பாகுபாட்டோடு நடத்துகிறார்கள் என்று கறுப்பினச் சிப்பாய்கள் கிளப்புகளை அடித்து நொறுக்கினார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை எதிர்த்துக் கிளம்பினார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் போகும் கிளப் வேறு, கறுப்பினச் சிப்பாய்கள் போகும் கிளப் வேறு என்று முன்பே பிரிந்திருந்தது. கறுப்பினத்தவரோடு பழகிய பெண்ணை வெள்ளைச் சிப்பாய்கள் நெருங்கமாட்டார்கள் என்பதால் பெண்களும் அந்தப் பிரிவினைக்குள் அடைபட்டிருந்தார்கள். பாகுபாடு, பால்வினை நோய், போதைப்பொருள், திருட்டு என்று அமெரிக்கத் தளபதிகள் ஒரு புகார்ப் பட்டியலே வைத்திருந்தார்கள். கொரிய அரசு அதுவரை அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. படை கிளம்பத் தொடங்கியதும் கண்டுகொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதிபர் மாளிகையின் நேரடிக் கண்காணிப்பில் 'தளவட்டாரத் தூய்மைக் குழு' அமைந்தது. 1971 முதல் 1976 வரை தீவிரமாக நடந்த இந்த இயக்கத்தை இரு நாட்டு ஆவணங்களிலிருந்தும் விரிவாக வெளிக்கொணர்ந்தவர் அரசியல் அறிஞர் கேதரின் மூன். சிப்பாய்க்கு அங்கே இருக்கப் பிடித்திருந்தால் படை நிற்கும், படை நின்றால் நாடு நிற்கும் என்ற கணக்கில் அரசு நடந்துகொண்டதை அவர் காட்டினார்.

தூய்மை என்றால் என்ன செய்தார்கள்? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெண்ணும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்கு ஓர் அட்டை. குறித்த நாளில் நோய்ப் பரிசோதனைக்குப் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். மார்பில் எண் குத்திய பட்டை அணிய வேண்டும். அட்டை இல்லாமலோ முத்திரை விடுபட்டோ தெருவில் பிடிபட்டால் காவலர்கள் ஏற்றிக்கொண்டு போவார்கள். இன்னொரு வழியும் இருந்தது. நோய் வந்த சிப்பாய், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு பெண்ணைக் கை காட்டுவான். அவள் எண் குறிக்கப்படும், அவள் பிடிக்கப்படுவாள். அவன் ஆள் மாறிக் காட்டினாலும், கோபத்தில் காட்டினாலும் அவளுக்கு மறுப்பு சொல்ல வாய்ப்பில்லை. பரிசோதனையில் தவறியவர்களையும் இப்படிக் கைகாட்டப்பட்டவர்களையும் பூட்டி வைக்கும் இடங்கள் இருந்தன. டோங்டுச்சோனில் சோயோசான் மலையடிவாரத்தில் உள்ள கட்டடம் அதில் பெயர்பெற்றது. கம்பி போட்ட சன்னல்களைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றதால் அதற்குக் 'குரங்கு வீடு' என்று பெயர் வந்தது. உள்ளே அதிக அளவில் பெனிசிலின் ஊசி போட்டார்கள். ஊசியின் வேகம் தாங்காமல் அதிர்ச்சியில் செத்தவர்களைக் கண்ணால் பார்த்ததாக அங்கிருந்த பெண்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவக் கணக்கில் பார்த்தாலும் இது உருப்படாத திட்டம். நோய் இரண்டு பேருக்கிடையில் பரவுகிறது. பதிவு, முத்திரை, பூட்டு எல்லாம் ஒருவருக்கு மட்டும். சிகிச்சை முடிந்து வெளியே வருபவளுக்கு, யாரும் அட்டை கேட்காத இன்னொரு சிப்பாயிடமிருந்து நோய் மறுபடி வரும். ஆனாலும் ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சிப்பாயைச் சங்கடப்படுத்தாமல், "நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று தளபதிக்குக் காட்டுவதே அதன் உண்மையான வேலை. நிறவெறிப் பிரச்சினைக்கும் அதே மருந்துதான். வேற்றுமை பார்க்காமல் எல்லாச் சிப்பாய்க்கும் இடம் கொடுங்கள் என்று கொரியப் பெண்களுக்கு அறிவுரை வகுப்பு நடத்தினார்கள். அமெரிக்கப் படைக்குள் இருந்த நிறவெறியைத் தீர்க்கும் பொறுப்பு, அதில் எந்த அதிகாரமும் இல்லாத பெண்கள் தலையில் விழுந்தது. அந்த வகுப்புகளில் ஆங்கிலமும் மரியாதையும் சொல்லிக்கொடுத்தார்கள். டாலர் ஈட்டித் தரும் தேசபக்தர்கள், நாட்டின் தூதர்கள் என்று புகழ்ந்தார்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஊரும் உறவும் அவர்களை என்ன சொல்லி அழைத்தன என்பதை எழுத மனம் வரவில்லை.

எண்ணிக்கை பெரிது. 1977ல் அதிபர் பார்க் கையெழுத்திட்ட தூய்மைத் திட்ட ஆவணம் ஒன்றை 2013ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வெளிக்கொண்டுவந்தார். 62 தளவட்டாரங்களில் 9,935 பெண்கள் என்று அதில் இருக்கிறது. பரிசோதனை அட்டை வைத்திருந்தவளின் பெயர் எந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் இல்லை. அவள் எண்ணிக்கை மட்டும் அதிபரின் மேசை வரை போயிருக்கிறது.

மனைவிகளையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். பெரும்பாலான அமெரிக்கச் சிப்பாய்கள் கொரியாவுக்குக் குடும்பம் இல்லாமல் ஓர் ஆண்டுப் பணிக்கு வந்தவர்கள். குடும்பத்தோடு வந்தால் வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் கட்ட வேண்டும். போர் மூண்டால் அவர்களை வெளியேற்ற வேண்டும். தனியாக வந்தால் செலவு குறைவு. அந்தச் சிக்கனத்தின் மறுபக்கம் தளத்தின் வாசலுக்கு வெளியே இருந்தது. ஆண்டுதோறும் புது ஆட்கள், புதுத் தனிமை, கிளப்புக்குப் புது வாடிக்கை. குடும்பத்தை அனுப்பலாமா என்பது வீட்டு விஷயம்போலத் தெரியும். உண்மையில் அது பாதுகாப்புச் செலவுத் திட்டத்தின் ஒரு வரி.

உலகச் சந்தைக்கு வருவோம். 1970ல் தென்கொரியாவின் மாசான் நகரில் ஏற்றுமதி வலயம் திறந்தது. ஜப்பானிய முதலீடு, பெண் தொழிலாளர்கள், சங்கத்துக்குக் கட்டுப்பாடு. தளவட்டாரத்துக்குப் போன பெண்ணும் தொழிற்சாலைக்குப் போன பெண்ணும் பலமுறை ஒரே கிராமத்திலிருந்து, ஒரே காரணத்துக்காகக் கிளம்பியவர்கள்: தம்பியின் படிப்புச் செலவு, வீட்டுக் கடன். இருவரும் ஈட்டியது அரசுக்கு வேண்டிய அந்நியச் செலாவணி. பாதுகாப்பு, பொருளாதாரம் என்று பாடநூல்கள் இரண்டு அத்தியாயமாகப் பிரித்து வைத்திருப்பவை அந்தக் குடும்பத்தின் வரவுசெலவில் ஒரே பக்கத்தில் இருக்கும்.

அடக்கி வைத்த அந்தத் தொழிலாளப் பெண்கள்தான் ஆட்சியை ஆட்டினார்கள். ஒய்.எச். வர்த்தக நிறுவனம் பொய்முடி செய்து ஏற்றுமதி செய்த நிறுவனம். 1979ல் அது ஆலையை மூடப்போவதாகச் சொன்னபோது, 180க்கு மேற்பட்ட பெண்கள் ஆகஸ்ட் 9 அன்று சோல் நகரில் எதிர்க்கட்சித் தலைமையகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். 11ஆம் தேதி அதிகாலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் உள்ளே புகுந்தார்கள். கிம் கியோங்-சுக் என்ற 21 வயதுத் தொழிலாளி இறந்தார். அதைத் தொடர்ந்த மோதலில் எதிர்க்கட்சித் தலைவர் கிம் யோங்-சாம் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபரில் பூசானிலும் மாசானிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அக்டோபர் 26 அன்று பார்க் தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுடப்பட்டார். பல வரலாறுகள் இந்த வரிசையைக் கடைசி நிகழ்விலிருந்து தொடங்குகின்றன. ஆகஸ்ட் 9லிருந்து தொடங்கினால் வேறு வரலாறு கிடைக்கும்.

நினைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை அடிமைப்படுத்திய பெண்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன் 1991 ஆகஸ்ட் 14 அன்று வெளிப்படையாகப் பேசினார். 1992 ஜனவரி முதல் சோலில் ஜப்பானியத் தூதரகத்தின் முன் புதன்கிழமைதோறும் கூடுகை நடக்கிறது. அவர்களைக் குறித்த 'வியான்பு' ('ஆறுதல் பெண்') என்ற அதே சொல்லை அரசு ஆவணங்கள் தளவட்டாரப் பெண்களுக்கும் பயன்படுத்தின. ஆனால் குற்றம் செய்தவன் அந்நியன் என்றால் அவள் தேசத்தின் மகள். குற்றத்தில் சொந்த அரசுக்குப் பங்கு உண்டென்றால் அவள் ஒழுக்கம் கெட்டவள். 1992 அக்டோபரில் டோங்டுச்சோனில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் தளவட்டாரப் பெண் ஒருவரைக் கொடூரமாகக் கொன்றான். அதன் பிறகுதான் அவர்களில் ஒருத்தி தேசத்தின் மகளானாள், அதுவும் பிணமான பின். அவள் உடலின் படத்தை ஊர்வலங்களில் தூக்கிப்பிடித்ததைப் பெண்ணியவாதிகள் அப்போதே எதிர்த்தார்கள். உயிரோடு இருந்தவர்களோடு 1986 முதல் வேலை செய்துவந்தது உயிஜோங்புவில் தொடங்கிய 'துரேபாங்' என்ற சிறு அமைப்பு.

வழக்கு 2014ல் வந்தது. 122 பெண்கள் தங்கள் சொந்த அரசின்மேல் தொடுத்தார்கள். 2017 ஜனவரியில் சோல் மாவட்ட நீதிமன்றம் 57 பேருக்கு மட்டும், தலைக்கு 50 லட்சம் வோன் இழப்பீடு தந்தது. ஏன் 57? கட்டாயத் தனிமைப்படுத்தலுக்கான விதி 1977 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முன் பூட்டப்பட்டவர்களுக்கு மட்டும் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் கருதியது. உரிமையை நடைமுறை விதியின் தேதியை வைத்து அளந்தால் இப்படித்தான் ஆகும். 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் திருத்தியது. அரசே தளவட்டாரங்களை நடத்தி, நிர்வகித்து, பாலியல் தொழிலை நியாயப்படுத்தி ஊக்குவித்தது என்று சொல்லி, அப்போது வழக்கில் இருந்த 117 பேருக்கும் 30 லட்சம் முதல் 70 லட்சம் வோன் வரை கொடுக்க உத்தரவிட்டது. 2022 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது வழக்கில் மிஞ்சியிருந்தவர்கள் 95 பேர். 2025 செப்டம்பரில் அமெரிக்கப் படையின் பொறுப்பைக் கேட்டுப் புதிய வழக்கும் பதிவானது.

இதற்கிடையில் தளவட்டாரம் மூடப்படவில்லை. கொரியாவில் கூலி உயர்ந்தது. 1990களின் நடுவிலிருந்து பிலிப்பைன்ஸிலிருந்தும் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்தும் பெண்கள் 'கலைஞர்' விசாவில் கொண்டுவரப்பட்டார்கள். பாடகி என்று ஒப்பந்தம், கிளப்பில் வேறு வேலை, முதலாளி கையில் பாஸ்போர்ட். ஏற்பாட்டின் எலும்புக்கூடு அப்படியே இருக்க, அதில் நிற்கும் பெண்ணின் நாடு மட்டும் மாறியது. உலகமயமாக்கல் என்ற சொல்லுக்கு இவ்வளவு துல்லியமான எடுத்துக்காட்டு எனக்கு வேறு கிடைக்கவில்லை.

இந்தப் பார்வையைப் பயன்படுத்துகிறவர்கள் சறுக்கும் இடங்கள் உண்டு. பெண் இயல்பாகவே அமைதியானவள் என்பது முதல் சறுக்கல். இந்திரா காந்தியும் மார்கரெட் தாட்சரும் போர் நடத்தினார்கள், திறமையாகவே நடத்தினார்கள். தலைமையில் பெண்ணா ஆணா என்று எண்ணுவதால் ஏற்பாடு வெளியே தெரியாது. எல்லாப் பெண்களையும் ஒரே கூடையில் போடுவது இன்னொன்று. தளபதியின் மனைவியும் கிளப் பெண்ணும் ஒரே தளத்தைத்தான் தாங்கினார்கள், ஆனால் ஒருத்திக்கு ஓய்வூதியம், மற்றவளுக்குக் கம்பி சன்னல்.

மூன்றாவது, தீர்மானத்தை நடைமுறை என்று நம்புவது. 2000 அக்டோபர் 31ல் ஐநா பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அமைதிப் பேச்சில் பெண்களுக்கு இடம், போரில் பாதுகாப்பு என்று சொன்னது. பெண் அமைப்புகள் போராடி வாங்கிய தீர்மானம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மீறும் நாட்டுக்குத் தண்டனை அதில் இல்லை. ஐநா அமைதிப்படையிலேயே பாருங்கள். ஹெய்ட்டியில் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 2007 நவம்பரில் இலங்கைச் சிப்பாய்கள் 108 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிறுவர் சிறுமியர் இருந்தார்கள். அமைதிப்படை வீரரை விசாரித்துத் தண்டிக்கும் உரிமை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே என்பது ஐநா ஒப்பந்தத்தின் விதி. குற்றம் நடந்த ஊரின் நீதிமன்றத்துக்கு வேலையே இல்லை. யாரும் சிறைக்குப் போகவில்லை என்று பின்னர் செய்தி நிறுவனங்கள் வெளிப்படுத்தின. இந்த ஒரு விதியை மாற்றினால் பத்துத் தீர்மானங்களின் வேலை நடக்கும் என்பது என் கருத்து.

சுவீடன் 2014ல் 'பெண்ணிய வெளியுறவுக் கொள்கை' என்று அறிவித்த முதல் நாடு. அடுத்த ஆண்டு சவூதி அரேபியாவுடனான இராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. அதற்கு விலையும் கொடுத்தது. ஆனால் ஆயுத ஏற்றுமதியை நிறுத்தவில்லை. 2022ல் ஆட்சி மாறியதும் அந்தப் பெயரே கைவிடப்பட்டது.

நம் பக்கத்தில் எங்கே தொடங்கலாம் என்றால், நான் இலங்கையைச் சொல்வேன். 1978ல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் திறந்தது. போர்க்காலம் முழுவதும் தென்னிலங்கைக் கிராமங்களுக்குள் பணம் நுழைந்த பெரிய வழிகள் மூன்று: மகனின் படைச் சம்பளம், மகளின் ஆடைத் தொழிற்சாலைக் கூலி, தாயின் வளைகுடா வீட்டுவேலை. போரைப் பற்றிய எழுத்துகளில் முதலாவது மட்டும் இருக்கும். 2009க்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தபோது, போரில் கணவனை இழந்த தமிழ்ப் பெண்கள் அதே தையல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

செய்து பார்க்க ஒரு சிறு பயிற்சி. 2013ல், வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை தர வேண்டும், சிறு குழந்தையின் தாய் போகக் கூடாது என்று இலங்கை அரசு விதி போட்டது. குழந்தையின் நலன் என்றார்கள். தந்தை போவதற்கு அப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. 2022 ஜூனில், எரிபொருள் வாங்கக் கூட டாலர் இல்லாமல் நாடு நின்றபோது, பெண்கள் போவதற்கான குறைந்தபட்ச வயதை அமைச்சரவை 21 ஆகக் குறைத்தது. தாய்மார்களுக்கான விதியும் தளர்ந்தது. இரண்டு சுற்றறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் கையெழுத்து, என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் அந்தந்த மாதம் மத்திய வங்கியிடம் இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.